விடைக்குறிப்பில் இல்லாத பதில்

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக: ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த காவலாளி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் கண் திறக்காமலே இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த பேப்பரை லிஃப்ட்காரர் நான்காக மடித்து, அலமாரியில் யாருக்கும் எட்டாத மேல்தட்டில் செருகிவிட்டு, "அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல" என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் கதைமாந்தர்களைப் பற்றி அவர் மனைவி கல்லூரியில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவள். வீட்டில், "காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

அங்கேதான் விட்டோம். தவறவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவள் அங்கேயே, அதே மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவளே தவறவிட்டாள்.

அவளை மேடம் என்றே வைத்துக்கொள்வோம். கல்லூரியில் பிள்ளைகள் பயத்தில் மேடம் என்கிறார்கள். வீட்டில் கணவர் கேலியில் மேடம் என்கிறார். கணவரின் அக்கா, மேடத்துக்கு அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு மேடம் என்கிறாள். அவளுக்கு வேறொரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். கணவருக்கும் அதே கதிதான். லிஃப்ட் கம்பெனியில் பழுதுபார்ப்பவர் என்பதால் தெருவுக்கே அவர் லிஃப்ட்காரர். அந்தத் தெருவில் லிஃப்ட் வைத்த வீடு ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம்.

அன்று காலை மேடம் கிளம்பும்போது லிஃப்ட்காரர் கேட் வரை வந்தார். வழக்கமாக வர மாட்டார்.

"எல்லாச் சாவியும் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"நான் என்ன விருந்தாளியா?"

"சும்மா கேட்டேன். தாள் திருத்துற வேலை ஜாஸ்தியா இருந்தா இருந்தே முடிச்சுட்டு வா. அவசரப்பட்டு ஓடி வராத."

மேடம் கேட்டைத் தள்ளினாள். அது ஊருக்கே கேட்கும்படி கிறீச்சிட்டது. உள்ளே பின்னறையில் இருந்து அண்ணியின் குரல் வந்தது. "மேடம் கிளம்பியாச்சா? நல்லது."

அண்ணிக்கு அது ஒரு வித்தை. முழங்கால் வலியால் அவள் வாசலுக்கு வருவது குறைவு. ஆனால் கேட் கத்துகிற கத்தலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பேப்பர் போடுகிறவன் என்றால் பாதிக் கத்தல். பக்கத்து வீட்டு அம்மா என்றால் கத்திவிட்டு ஒரு கனைப்பு. தம்பி என்றால் நிதானமாக நீளமாக. மேடம் என்றால் கேட்டுக்கே கோபம் வந்தது போல ஒரு வெடுக்.

"அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்களேன்" என்று மேடம் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அது கத்தட்டும். வர்றது யாருன்னு தெரிய வேணாமா?" என்று அவரும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

தேர்வுத்தாள் திருத்தும் முகாம் ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. நீள நீளமாக மேஜைகள், மேஜை மேல் கட்டுக் கட்டாக விடைத்தாள்கள், ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் வாழ்க்கையை வெறுத்த ஒரு முகம். மின்விசிறிகள் சுற்றின. காற்று மட்டும் வேறெங்கோ போயிற்று.

மேடத்தின் தொழில் ஊகிப்பது. ஒரு கதையில் ஒருவன் குடையை விட்டுவிட்டுப் போனால், அவன் திரும்பி வர நினைக்கிறான் என்பாள். பிள்ளைகள் ஏதாவது சொன்னால் உடனே விரலை நீட்டி, "சான்று? எந்த வரி? காட்டு" என்பாள். சான்று இல்லாத ஊகத்துக்குப் பெயர் வதந்தி என்பது வகுப்பில் அவளுடைய பிரசித்தி பெற்ற வசனம்.

அப்படிப்பட்டவளிடம் இந்த வருஷம் இலக்கியத் தாளுக்கு வினா தயாரிக்கும் வேலை வந்திருந்தது. படு ரகசியம். வினா எழுதியவர் யாரென்று மேலிடத்தில் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. முதல் கேள்விக்கு, பிள்ளைகள் எங்கேயும் படித்திராத ஒரு பத்தி வேண்டும். அதைப் படித்து, அந்த மனிதரைப் பற்றி அவர்கள் ஊகித்து எழுத வேண்டும்.

மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காக உட்கார்ந்தாள். புத்தகங்களைப் புரட்டச் சோம்பலாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்ததை எழுதினாள். லிஃப்ட்காரரைக் கடிகாரக்காரர் ஆக்கினாள். இதற்கு இலக்கியத்தில் படைப்பு என்று பெயர்.

பத்தி இதுதான்:

'கடிகாரம் பழுதுபார்க்கும் அவர் அந்த ஞாயிறு முழுவதும் வீட்டைப் பழுதுபார்த்தார். ஆடிய நாற்காலிகளின் ஆட்டத்தை நிறுத்தினார். ஜன்னல் கொக்கிகளை மாற்றினார். மனைவியைக் கூப்பிட்டு ஃபியூஸ் போடச் சொன்னார். "நீயே போடு, நான் பார்க்கிறேன்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவைக் குறுக்குவழியில் மருந்துக்கடைக்கு அழைத்துப்போனார். திரும்பும்போது அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். செருப்பு தேய்ந்துவிட்டதே, புதிது வாங்குங்கள் என்றாள் மனைவி. "இது போதும்" என்றார். கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டவர், கிறீச்சிடும் கேட்டுக்கு மட்டும் போடவில்லை. "அது கத்தட்டும். வருவது யாரென்று தெரிய வேண்டாமா?" என்றார்.'

விடைக்குறிப்பையும் மேடமே எழுதினாள். பொறுப்புணர்வு, மனைவி மீது அன்பு, அக்கா மீது பாசம். கருப்பொருள்: இல்லறத்தின் இனிமை. எழுதி முடித்து, திருப்தியாக இரண்டாவது காபி குடித்தாள்.

இப்போது அதே பத்திக்கு வந்த பதில்களை, யார் எழுதிய பத்தியோ என்பது போன்ற முகத்துடன் திருத்திக்கொண்டிருந்தாள்.

முதல் தாள்: 'இவர் மனைவிக்குப் பயந்தவர். ஞாயிற்றுக்கிழமைகூட இவரை உட்கார விடவில்லை. சான்று: எங்கள் அப்பா.'

சான்று காட்டியிருக்கிறானே என்று மேடம் அரை மார்க் போட்டாள்.

அடுத்தது: 'மனைவியை ஃபியூஸ் போட வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார். சோம்பேறி.'

அதற்கடுத்தது: 'இந்த மனிதர் போகப் போகிறார்.'

மேடத்தின் சிவப்புப் பேனா நின்றது. பிறகு, விடைக்குறிப்பில் இல்லை என்பதால், சுழித்தது. பூஜ்யம்.

நாலைந்து தாள் தள்ளி: 'தான் இல்லாத வீட்டை அவர் ஒத்திகை பார்க்கிறார். சான்று: நீயே போடு, நான் பார்க்கிறேன்.'

பூஜ்யம்.

'வழி தெரிந்துவிட்டதா என்று சோதிக்கத்தான் அக்காவை முன்னால் நடக்கவிடுகிறார். அடுத்த தடவை அவர் கூட வர மாட்டார்.'

பூஜ்யம் போடப் போன பேனா பாதி வட்டத்தில் நின்றுவிட்டது. தாளின் மேல் ஒரு சிவப்புப் பிறை.

கட்டு மாறியது. அது வேறொரு ஊர்க் கல்லூரியின் கட்டு. 'செருப்பு போதும் என்கிறார். இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.' இன்னொன்று: 'இவருக்குத் தீராத வியாதி.' இன்னொன்று: 'இவருக்கு வேறொரு குடும்பம் உண்டு.' எங்கே போகிறார் என்பதில்தான் பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு. போகிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. இல்லறத்தின் இனிமை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அதே தாளில், ஐந்தாவது கேள்விக்கும் இல்லறத்தின் இனிமை என்றுதான் எழுதியிருந்தார்கள். ஐந்தாவது கேள்வி ஒரு போர்க்களத்தைப் பற்றியது.

கூடத்தைச் சுற்றி வந்த தலைமை மதிப்பீட்டாளர் அவள் பின்னால் வந்து நின்றார். அவரைப் பாயின்ட் சார் என்பார்கள். "இலக்கியம் கிடக்கட்டும், பாயின்ட் இருக்கா?" என்பதுதான் இலக்கியம் பற்றி அவருக்கு இருந்த ஒரே கொள்கை.

"என்ன மேடம், கொட்டாவியா?"

"சார், முதல் கேள்விக்கு நிறையப் பேர் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க."

"எனக்குத் தெரியும்! எல்லா மேஜையிலயும் இதே கதைதான். போறார், போறார், போறார். ஊர் ஊரா ஒரே பதில். கூட்டாச் சேர்ந்து காப்பி அடிச்சிருக்கானுங்க."

"வேற வேற ஊர்ப் பிள்ளைங்க சார். எப்படிக் காப்பி அடிப்பாங்க?"

"அதுதான் மேடம் ஆச்சரியமே. என்னமா முன்னேறிட்டானுங்க பாருங்க."

"ஒருவேளை அவங்க எழுதுனது சரியா இருந்தா?"

பாயின்ட் சார் விடைக்குறிப்பை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அன்பு இருக்கு. பாசம் இருக்கு. பொறுப்பு இருக்கு. 'போறார்'னு எங்க இருக்கு?"

"விடைக்குறிப்பு தப்பா இருக்கலாம் சார்."

"யார்கிட்ட என்ன பேசறீங்க? இதை எழுதினது எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கும்? ஒரு பத்தியிலயே தெரியுதே, அனுபவிச்சு எழுதியிருக்காரு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

மேடம் வாயைத் திறந்தாள். ரகசியம் என்பதால் மூடிக்கொண்டாள்.

பாயின்ட் சார் நகர்ந்ததும் விரல்கள் தாமாக அடுத்த தாளைப் புரட்டின. முத்து முத்தான எழுத்து. அவசரமே இல்லை.

'அவர் போகப் போகிறார் என்று பலரும் எழுதுவார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தானாகப் போகிறவர் புதுச் செருப்பு வாங்குவார். இவர் வாங்கவில்லை. எனவே இவர் போகவில்லை, கூட்டிக்கொண்டு போக யாரோ வருவார்கள் என்று காத்திருக்கிறார். வருகிறவர்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கேட்டை மட்டும் கத்த விட்டிருக்கிறார். வீட்டில் மற்ற இருவருக்கும் இது தெரியாது. தெரியக்கூடாது என்று நினைக்கிறார். எனவே, அவர்கள் வரும் நாள் இன்னதென்று தெரிந்ததும் அந்தக் கேட்டுக்கும் எண்ணெய் போட்டுவிடுவார். கேட் கத்தாமல் திறந்தால், அதுதான் அந்த நாள். கருப்பொருள்: பயம்.'

மேடம் அதை இரண்டாம் முறை படித்தாள். சான்றில்லாத ஒரு சொல்கூட இல்லை.

அந்த ஞாயிறு எந்த ஞாயிறு என்று அப்போதுதான் யோசித்தாள். லிஃப்ட் விழுந்த வாரத்து ஞாயிறு.

முழு மார்க் போட்டாள். பேனாவை மூடினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க மேடம்? கட்டு முடியலையே!" என்றார் பாயின்ட் சார், கூடத்தின் மறுகோடியில் இருந்து.

"வீட்ல கேட் சரியா சாத்தினேனான்னு சந்தேகமா இருக்கு சார்."

"அதுக்கு வீடு வரைக்குமா போவாங்க?"

மேடம் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வெளியே என்ன போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் கடந்துபோன மாதங்களை, வரி வரியாக, மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் ஓட்டப் பழகு என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கே சலித்துப்போய், "ஏன், உங்களுக்கு என்னை ஏத்திக்கிட்டுப் போக வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவர் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் தனித்தனியாக வரவழைத்து அவளுக்கு அறிமுகப்படுத்தினார், ஏதோ பெண் பார்க்க வந்தவர்கள் போல. அடுத்த வருஷம் வெள்ளையடிக்கும்போது என்று பேச்சு வந்தபோது, "நீங்க ரெண்டு பேரும் எந்தக் கலர்னு முடிவு பண்ணுங்க" என்றார். நாம் என்ற சொல் அவர் பேச்சில் எந்த இடத்தில் நின்றது? மேடத்துக்குப் பிடிபடவில்லை. இதையே ஒரு கதையில் படித்திருந்தால் ஓரத்தில் கோடு போட்டு, பக்க எண் குறித்து வைத்திருப்பாள்.

காலையில் சொன்னது இருக்கிறதே. 'அவசரப்பட்டு ஓடி வராத.'

பஸ்ஸில் இருந்து இறங்கினதும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நிறுத்தத்துக்கு எதிரே இருந்த செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். தானாகப் போகிறவர் புதுச் செருப்பு வாங்குவார் என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது அல்லவா? பத்தியில் ஒரு வரியை மாற்றினால் விடை மாறித்தானே ஆக வேண்டும். படிப்பு மூளைக்கு ஏறியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது.

"யாருக்கும்மா? சாருக்கா? எந்த மாதிரி வேணும்?" என்றார் கடைக்காரர்.

"நிறைய தூரம் நடக்கிற மாதிரி. திரும்பி வர்றதுக்கும் சேர்த்து."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கெட்டியான தோலில் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். அளவு கேட்டார். வாசலில் தினமும் தாண்டிப் போகிற செருப்பு. தேய்மானத்தோடு சேர்த்தே அளவு சொன்னாள்.

தெருமுனை திரும்பியதும் கால் தானாக மெதுவாயிற்று. வெயில் சாய்ந்து, சுவர்களின் நிழல் தெருவில் பாதி வரை வந்திருந்தது. வீட்டு வாசலில் யாருமில்லை. வண்டி எதுவும் நிற்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கேட் கத்த வேண்டும். எப்போதும்போல, காதைக் கிழிக்கிற மாதிரி, பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்க்கிற மாதிரி.

கையை வைத்துத் தள்ளினாள்.

கேட் திறந்தது. அவ்வளவுதான்.

இழுத்துப் பார்த்தாள். மறுபடி தள்ளினாள். தண்ணீரில் தள்ளுவதுபோல் போய் வந்தது. கீலில் விரலை வைத்தாள். எண்ணெய் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. போட்டு அதிக நேரம் ஆகவில்லை.

*

பின்னறையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தவள், மேடத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அய்யோ! எப்ப வந்த? கேட் சத்தமே கேக்கலையே? பூனை மாதிரி வந்து நிக்கிற!"

"ரேடியோ சத்தத்துல கேட்டிருக்காது அண்ணி. ஏன் இவ்வளவு சத்தமா வச்சிருக்கீங்க?"

"நான் எங்க வச்சேன்? உன் புருஷன்தான் வச்சுட்டுப் போனான். நல்ல நிகழ்ச்சியாம், கேளுன்னான். பயிருக்கு உரம் போடறது எப்படின்னு ஒருத்தன் கத்திக்கிட்டிருக்கான். எனக்கு எதுக்கு உரம்? நான் என்ன, இன்னும் வளரப் போறேனா?"

"அவர் வேலைக்குப் போகலையா?"

"அரை நாள் லீவாம். வந்ததும் வராததுமா முன்னறைத் தரையெல்லாம் துடைச்சான். ஈரமா இருக்கு, வழுக்கும், ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வெளிய வராதக்கான்னு கறாரா சொல்லிட்டான். என்னைக்காவது துடைப்பத்தைத் தொட்டிருக்கானா அவன்? மேடம் வேலை வாங்கத் தொடங்கிட்டாங்க போலிருக்குன்னு நினைச்சேன்."

முன்னறைத் தரையை மேடம் இப்போதுதான் தாண்டி வந்தாள். அது காய்ந்து கிடந்தது.

லிஃப்ட்காரர் சமையலறையில் இருந்தார். தலை ஈரமாக வாரியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை. பால் பொங்கி வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டு வந்தார். அது வந்து சேர நேரமாயிற்று.

"மெதுவா வான்னு சொன்னேனே."

"கேட்டுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"ஆமா. உனக்குத் தலைவலி வருதுன்னு சொல்வியே."

"எரிச்சலா வருதுன்னு சொல்லியிருக்கேன். தலைவலின்னு சொன்னதே இல்ல."

"சொன்னதில்லையா?"

"இல்ல."

அவர் பாத்திரத்தை இறக்கி வைத்தார். துணியால் மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஏங்க," என்றாள் மேடம். "அந்த லிஃப்ட் யாரோடது?"

பின்னறையில் உரம் போடுகிறவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"எங்க கம்பெனியோடது."

"கடைசியா செக் பண்ணது?"

"நான்தான்." துணியை மடித்தார். "கம்பி தேஞ்சிருக்குன்னு சொன்னேன். அடுத்த மாசம் மாத்திக்கலாம், இப்ப கையெழுத்தைப் போடுன்னாங்க. போட்டேன். அந்த ஆள் எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு அன்னைக்கு. காவலாளி."

ஊகம் சரி என்று தெரியும்போது வகுப்பில் ஒரு மகிழ்ச்சி வரும். அது எங்கே போய்த் தொலைந்தது?

"எப்ப வர்றாங்க?"

"இன்னைக்குன்னு மட்டும் தெரியும். கம்பெனியில வேண்டியவர் ஒருத்தர் காதுல போட்டார். ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் விசாரணை. இப்ப ஆள் போயிட்டாரு. இனிமே அது வேற கேஸ்." அவர் பின்னறைப் பக்கம் பார்த்தார். "அக்காவுக்குத் தெரிய வேணாம். சத்தமில்லாம போயிடலாம்னு பார்த்தேன். உனக்கு... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பிள்ளைங்க எழுதியிருந்தாங்க."

"எந்தப் பிள்ளைங்க?"

"எல்லாப் பிள்ளைங்களும்."

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்கு நேரமில்லை. வாசலுக்குப் போனாள். பூந்தொட்டியில் இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கேட்டின் மேல் கீலில் கொட்டி விரலால் அழுத்தினாள். கீழ்க் கீலுக்கு இன்னொரு பிடி. எண்ணெயும் மண்ணும் கலந்து கை கறுப்பாயிற்று.

லிஃப்ட்காரர் வாசற்படியில் வந்து நின்றார். "என்ன பண்ற நீ? பல வருஷமா எண்ணெய் போடச் சொன்னவ."

"கத்தட்டும். வர்றது யாருன்னு தெரிய வேணாமா?"

அது அவருடைய வசனம்.

"உங்க அக்காவும் இந்த வீட்லதான இருக்காங்க," என்றாள் மேடம். "ஈரத் தரைன்னு சொல்லி ஒரு மனுஷியை ரூமுக்குள்ள உட்கார வச்சுட்டுப் போயிடுவீங்களா? நாளைக்குக் காலையில தம்பி எங்கன்னு கேட்டா நான் என்ன, உரம் போடப் போயிருக்காருன்னு சொல்லட்டுமா?"

அவர் தோளில் இருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு நேரத்துக்கு வந்தது.

"என்ன பண்ணணும்கிற?"

"நீங்களே ஸ்டேஷனுக்குப் போங்க. அவங்க வந்து கூட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி. நான் ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன், அதுக்குத்தான கத்துக் குடுத்தீங்க? கம்பி தேஞ்சிருந்ததையும் சொல்லுங்க, கையெழுத்துப் போடச் சொன்னவங்களையும் சொல்லுங்க, நீங்க போட்டதையும் சொல்லுங்க. ஆனா முதல்ல உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

"அக்கா தாங்க மாட்டா."

"சான்று?"

அக்கா தாங்காத எதையும் அவர் இதுவரை பார்த்ததில்லை.

மேடம் பையைப் பிரித்துப் புதுச் செருப்பைப் படியில் வைத்தாள். அவர் அதையே பார்த்தார்.

"இப்ப எதுக்கு இது? பழசே போதுமே."

"போதாது."

பழையதைக் கழற்றி ஓரமாக விட்டார். புதியதில் ஒரு காலை நுழைத்தார். இன்னொன்றை நுழைத்தார். தோல் முறுக்காக இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தபோது அது சின்னதாக முனகியது.

"அளவு சரியா இருக்கே," என்றார் ஆச்சரியமாக.

"சரி, உள்ள போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் ஸ்கூட்டரை எடுக்கறேன்."

அவர் திரும்பி உள்ளே ஓர் அடி வைத்திருப்பார். அவள் ஸ்கூட்டர் சாவிக்காகக் கைப்பையில் துழாவிக்கொண்டிருந்தாள்.

அப்போது கேட் கத்தியது.

பழைய கிறீச் இல்லை அது. மண் அரைபட்டு, எண்ணெயில் வழுக்கி, மறுபடி அரைபட்டு, கரகரவென்று தொண்டை கட்டிய ஆள் பேச முயல்வதுபோல் ஒரு சத்தம். ரேடியோவைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, வீட்டின் கடைசி மூலை வரைக்கும் போயிற்று.

மேடம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் சாவி கிடைத்திருந்தது. அதன் பற்களில் விரல் அழுந்தும்படி பிடித்துக்கொண்டாள்.

"டேய் தம்பி," என்று பின்னறையில் இருந்து அண்ணி கூப்பிட்டாள். "யாருடா அது? நமக்குத் தெரிஞ்ச சத்தம் இல்லையே."



கேட்டருகே யாரோ தொண்டையைச் சரிசெய்துகொண்டார்கள். பிறகு லிஃப்ட்காரரின் பெயரைச் சொன்னார்கள். முழுப் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, தாளில் இருந்து படிக்கிற தொனியில். அந்தத் தெருவில் அதுவரை யாரும் சொல்லிக் கேட்டிராத பெயர். பிறந்த குழந்தையை மடியில் வாங்கி அவருக்கு அதை வைத்ததே அவர் அக்காதான்.

உள்ளே ரேடியோ நின்றது.